நூற்றியெண்பதாவது லெவல்

ஏழாவது பன்னையும் டெய்சி பிட்டாள். ஆவி வந்தது. ஆனால் செல்போன் இருந்த பக்கம் வராமல் சுவர்ப் பக்கமாகப் போய்விட்டது.

“இன்னொன்னு குடுங்கண்ணா.”

கிளமெண்ட் கறுத்த தகரத் தட்டிலிருந்து எட்டாவது பன்னை எடுத்தான். கொடுக்கவில்லை. “நான் இத விக்கறதுக்கு சுட்டனா, நீ பிக்கறதுக்கு சுட்டனா?”

“ஆவி தெரிஞ்சாதாண்ணா பாக்கறவங்களுக்கு வாயில தண்ணி ஊறும். கிளாஸ்ல சொல்லிக்கீறாங்க.”

“பிச்ச பன்னு ஒண்ணும் வீணாப் போவல,” என்றார் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏனோக். ஆறு பன் அவர் வயிற்றுக்குள் போயிருந்தது. ஏழாவது கையில் இருந்தது. “நீ பிட்டுக்கினே இரும்மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

டெய்சி பதிமூன்று வருஷம் காலை ரயிலில் பெங்களூர் போய்ச் சட்டைக் காலர் தைத்தவள். அவள் வேலை பார்த்த கம்பெனி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வரை இருந்தது. திங்கட்கிழமை போனபோது கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. வாட்ச்மேன் மட்டும் பழையவர். “யூனிட் வேற ஸ்டேட்டுக்குப் போயிடுச்சி,” என்றார், என்னவோ அது தானாக எழுந்து நடந்து போனதைக் கண்ணால் பார்த்தவர்போல. டெய்சி வீட்டுக்கு வந்து ஒரு மாதம் சும்மா இருந்தாள். பிறகு, கடைகளுக்கு விளம்பர வீடியோ எடுப்பது எப்படி என்று செல்போனில் ஐந்து நாள் இலவச வகுப்பு நடப்பதைப் பார்த்துச் சேர்ந்தாள். பாடம் எடுத்த பையன் ஐந்து நாளும் கண் சிமிட்டவில்லை. முதல் மூன்று விநாடியில் பார்க்கிறவன் விரலை நிறுத்த வேண்டும் என்றான். முப்பது விநாடிக்கு மேல் போகக்கூடாது என்றான். வேண்டாததை வெட்டு, வெட்டியபின் மறுபடி பார், இன்னும் வெட்டு என்றான். கடைசிப் பாடம் டெய்சிக்கு உடனே பிடிபட்டது. தைத்த காலரில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைப் பதிமூன்று வருஷம் வெட்டிய கை.

முதல் வீடியோவுக்குக் கிளமெண்டின் பன் கடையைத்தான் கேட்டாள். பாலகாட் லைனில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றின் முன் அறை அது. தங்கச் சுரங்கக் கம்பெனி கிளமெண்டின் அப்பாவுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ். சுரங்கம் மூடி ஏழாவது வருஷம் அப்பா இறந்துபோனார். பெயர் மாற்றம் கேட்டுக் கிளமெண்ட் வருஷா வருஷம் மனு கொடுத்தான். விஷயம் மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே போனது இறங்கி வரவில்லை. காகிதப்படி அந்த வீட்டில் இன்னும் அப்பாதான் குடியிருந்தார்.

கிளமெண்டும் ரயிலில் போனவன்தான். பெங்களூரில் ஒரு பெரிய பேக்கரியில் இருபது வருஷம் மாவு பிசைந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நெருப்புச்செங்கல் சேர்த்து, சுவரோடு சுவராக, தன் கையாலேயே இந்த விறகு அடுப்பைக் கட்டினான். அதில் நெருப்பு மூட்டிய நாளிலிருந்து அவன் ரயில் ஏறவில்லை. அவன் மனைவி சாரா இதை எண்ணிக்கொண்டே வந்தாள். வருகிறவர்களிடம், “இன்னியோட இத்தன நாளு,” என்று சொல்வாள், நோன்பு இருக்கிறவளைப்போல.

ஒன்பதாவது பன்னில் ஆவி சரியாக வந்தது. டெய்சி அந்த வீடியோவைப் போட்டாள். நான்கு நாளில் நாற்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள். அதில் பதினெட்டு டெய்சி. ஒன்பது சாரா. கிளமெண்டைச் சேர்க்கவில்லை. அவன் சாராவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.

“ஒரு தட்டு பன்னு போனதுதான் மிச்சம்,” என்றான். ஆனால் அடுத்த நாள் அவள் மறுபடி செல்போன் ஸ்டாண்டோடு வந்து நின்றபோது போ என்று சொல்லவில்லை.

ஏனோக்குக்கு எழுபது வயது. சுரங்கம் மூடும்வரை கேஜ் மணி அடித்தவர். ஆட்களைச் செங்குத்தான ஷாஃப்டுக் குழிக்குள் இறக்கும் இரும்புக் கூண்டு அவர் மணிக்குத்தான் அசையும். அதற்குப் பிறகு பெங்களூரில் ஒரு வங்கி வாசலில் வாட்ச்மேனாகப் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தார். இப்போது கிளமெண்ட் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு தடவை காலை ஷிஃப்டில் கீழே இறங்கும்போது தும்மினாராம். அந்தச் சத்தம் ஷாஃப்டு அடி வரை போய்த் திரும்பி, சாயங்காலம் அவர் மேலே வந்து டீ குடிக்கும்போதுதான் காதில் விழுந்ததாம். பக்கத்தில் இருந்தவன் “நூறு வயசு” என்றானாம். இதைச் சொல்லும்போது ஏனோக்கின் முகம் வங்கி வாசலில் இருந்த மாதிரியேதான் இருக்கும்.

பாலகாட்டில் இதற்கெல்லாம் ஒரு முறை உண்டு. கீழே வேலை பார்த்தவன் எதைச் சொன்னாலும் லெவல் நம்பரோடுதான் சொல்வான். எந்த ஆழத்தில் நடந்தது என்று தெரியாத சங்கதியை யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே ஒருவன் புளுக ஆரம்பித்தால், கேட்கிறவன் முகம் மாறாமல் “எந்த லெவல்?” என்பான். புளுகுகிறவனும் முகம் மாறாமல், எந்தக் கம்பெனியும் தோண்டாத ஒரு ஆழத்தைச் சொல்வான். ஏனோக்குக்கு எப்போதும் நூற்றியெண்பது. நம்பர் விழுந்தபிறகு எல்லோரும் சிரிக்கலாம். அதற்கு முன் சிரிப்பது மரியாதையில்லை.

அன்று சாரா விறகைத் தூக்கிவந்து அடுப்பு வாயில் போட்டாள். “ஈர விறகு. வெந்தாப்லதான்,” என்றாள்.

“விறகா?” என்றார் ஏனோக். டெய்சியின் போன் ஓடிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். பேச்சு அதைப் பார்த்துத் திரும்பியது. “இந்த அடுப்புக்கு இன்னாத்துக்கு விறகு? அந்தக் கட்டை சும்மா ஷோவுக்கு வெச்சிக்கீறான். இந்தத் தரைக்குக் கீழ ஒரு ஓட்டை கீது. நேரா பழைய சுரங்கத்துக்குப் போவுது. அடியில பாறை எப்படிக் கொதிக்கும் தெரிமா? ஷிஃப்டு முடிஞ்சி ஷூவக் கவுத்தா வேர்வை ஒரு சொம்பு வரும். அந்த சூடு இருவத்தஞ்சு வருசமா வீணாப் போய்க்கினு கீது. கிளமெண்ட்டு மூடியத் தொறப்பான், தட்டத் தள்ளுவான், மூடுவான். நாலு நிமிசம். பூமியே சுட்டுக் குடுக்கற பன்னு. மேல மினுமினுன்னு கீது பாருங்க, அத சக்கரைன்னு நெனைக்கறீங்களா?”

“எந்த லெவல்?” என்றான் கிளமெண்ட், திரும்பாமலே, மாவு உருட்டிக்கொண்டு.

“நூத்தி எண்பது.”

சாரா சிரித்தாள். பன் வாங்க வந்த இரண்டு ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். கிளமெண்ட் இடுக்கியால் தட்டை அடித்து அடித்துச் சிரித்தான்.

டெய்சி வீட்டில் உட்கார்ந்து வெட்டினாள். சாரா விறகு போட்டது போயிற்று. ஷூவும் வேர்வையும் போயிற்று. “தரைக்குக் கீழ ஒரு ஓட்டை கீது” என்பதைத் தூக்கி முதலில் வைத்தாள். அது விரலை நிறுத்தும். அப்படியும் முப்பத்துநான்கு விநாடி நின்றது. கடைசிக் கேள்வி, பதில், சிரிப்பு எல்லாம் சேர்ந்து நான்கு விநாடி. படத்தில் முகம் இல்லாமல் எங்கிருந்தோ ஒரு குரல், தட்டு அடிபடும் சத்தம், நடுங்கும் கேமரா. நீட்டிக்கொண்டிருக்கும் நூல். வெட்டினாள். மீண்டும் பார்த்தாள். சக்கரையில் முடிந்தது, அழகாக இருந்தது. போனில் இடம் போதவில்லை என்று எழுத்து வந்ததால் முழுப் பதிவை அழித்துவிட்டு, முப்பது விநாடியைப் போட்டாள்.

முதல் நாள் நானூறு பேர் பார்த்தார்கள். மூன்றாம் நாள் நாற்பதாயிரம். டெய்சி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் பிடித்தாள். வந்து நிமிர்த்திப் பார்த்தால் இன்னும் இரண்டாயிரம் கூடியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலகாட் லைனுக்குள் பெங்களூர் கார்கள் வந்தன. திருப்ப இடமில்லாமல் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. வந்தவர்கள் பன்னை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தின்றார்கள். ஒரு பெண் தரையைத் தொட்டு, “ஐயோ, சூடா இருக்கு!” என்றாள். அடுப்புக்கு முன்னால் தரை சூடாகத்தான் இருக்கும். கிளமெண்ட் ஒன்றும் சொல்லவில்லை. மாவு பிசையவே அவனுக்கு நேரம் போதவில்லை. சாராவுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. தைலம் பூசிக்கொண்டு மறுபடி பிசைந்தாள். ஏனோக் சட்டையை இஸ்திரி போட்டு வந்தார். வருகிறவர்கள் எல்லோரும் அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

“அங்கிள், நெஜமாவே ஓட்டை கீதான்னு கேக்கறாங்க. இன்னா சொல்றது?” என்றாள் டெய்சி.

“மூடி கீது, தொறக்க மாட்டோம், காத்து அடிச்சா முடி கொட்டிடும்னு சொல்லு.”

ராபர்ட்சன்பேட்டை சேலைக் கடை ஒன்றும் கோச்சிங் சென்டர் ஒன்றும் டெய்சியைக் கூப்பிட்டன. கோலாரில் நர்சிங் படிக்கும் மகளுக்குப் போன் போட்டு, “இனிமே ட்ரெயின் இல்லடி,” என்றாள்.

பதினேழாம் நாள் ஒரு ஜீப் வந்தது. நான்கு பேர் இறங்கினார்கள். எந்த ஆபீஸ் என்று கிளமெண்ட் கேட்டபோது நான்கு பேரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பெயரைச் சொன்னார்கள். கண்ணாடி போட்டவர் கையில் ஃபைல் இருந்தது.

“ஹோல் எல்லி?” என்று கன்னடத்தில் கேட்டார். ஓட்டை எங்கே?

ஓட்டை எதுவும் இல்லை, அது விளையாட்டுக்குச் சொன்னது என்று கிளமெண்ட் கன்னடத்தில் சொன்னான். நம்பவில்லை என்று தெரிந்ததும் தமிழிலும் சொன்னான்.

கண்ணாடிக்காரரும் தமிழுக்கு வந்தார். “ஓட்டை இல்லைன்னு நீங்க சொல்றீங்க. இருக்குதுன்னு வீடியோ சொல்லுது. வீடியோவ ஒன்பது லட்சம் பேர் பாத்திருக்காங்க. நீங்க ஒரு ஆள்.”

ஏனோக்கைக் கூப்பிட்டார்கள். அவர் பெஞ்சிலிருந்து எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பொய்தான் சார்.”

“பொய்யின்னா எதுக்கு சொன்னீங்க?”

“இங்க எல்லாரும் சொல்றதுதான் சார்.”

“யாரு யாரு?” என்று கேட்டுப் பேனாவைத் திறந்தார் கண்ணாடிக்காரர். ஏனோக் வாயை மூடிக்கொண்டார். எழுபது வருஷத்தில் அவர் அப்படி மூடியதைப் பார்த்தவர்கள் குறைவு.

டெய்சி ஓடி வந்தாள். கடைசியில் எல்லோரும் சிரித்தார்கள் சார், அதைக் கேட்டால் புரிந்துவிடும் என்றாள்.

“காட்டுங்க.”

“அத வெட்டிட்டேன் சார்.”

“முழு ரெக்கார்டிங்?”

“டெலீட் ஆயிடுச்சி. மெமரி இல்ல சார், போன்ல.”

கண்ணாடிக்காரர் மற்ற மூவரையும் பார்த்தார். “ஓட்டையப் பத்திச் சொன்னது எல்லாம் இருக்குது. இல்லைன்னு காட்டற பாகம் மட்டும் டெலீட்.”

டெய்சி வீடியோவை ஓட்டிக் கடைசி நொடியில் நிறுத்தினாள். கண்ணாடிக்காரர் காதருகே கொண்டுபோனாள். “இங்க கேளுங்க சார். ‘எ’ன்னு ஒரு சத்தம் வருது பாருங்க. அது கிளமெண்ட் அண்ணா. எந்த லெவல்னு கேக்க வராரு. அங்கதான் வெட்டிக்கீறேன்.” அவர் இரண்டு தடவை கேட்டார். “எ”, “எ” என்றது போன். அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு வீட்டுக் காகிதம் கேட்டார்கள். கிளமெண்ட் அப்பாவின் கம்பெனி அடையாள அட்டையைக் கொடுத்தான். போட்டோவில் அப்பாவுக்கு முப்பது வயது.

“இவர் எங்க?”

“செத்துட்டாரு சார்.”

“அப்ப இங்க யார் இருக்கிறது?”

சாரா இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள். ஃபைலில் அந்த இடத்தில் ஒரு கோடு விழுந்தது.

செவ்வாய்க்கிழமை கடப்பாரையோடு ஆறு பேர் வந்தார்கள். வீடியோவில் ஏனோக் கை காட்டியது அடுப்பு இருக்கும் இடம். ஆகவே அங்கேதான் தோண்ட வேண்டும். உள்ளே நெருப்பு இருந்தது. சாரா கங்குகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். ஆனாலும் செங்கல் ஆறவில்லை. கிளமெண்ட் கட்டியது அவ்வளவு சீக்கிரம் ஆறாது. அது ஆறும்வரை எல்லோரும் வாசலில் காத்திருந்தார்கள். கடைசித் தட்டில் பன் இருந்தது. சாரா அதைக் கடப்பாரைக்காரர்களுக்கே கொடுத்தாள். அவர்கள் பக்கத்து லைன்காரர்கள். தலை நிமிராமல் தின்றார்கள்.

பகல் இரண்டு மணிக்கு அடுப்பு விழுந்தது. அதன் கீழே மண். மண்ணுக்குக் கீழே சரளை. சாயங்காலம் எட்டடியில் பாறை வந்தது. கடப்பாரை ணங்கென்று திரும்பியது. குழிக்குள் நின்றவன் நிமிர்ந்து பார்த்தான்.

“சூடு கீதா?” என்றார் ஏனோக் மேலிருந்து.

அவன் பாறைமேல் கையை வைத்துப் பார்த்தான். “ஜில்லுன்னு கீதுங்க.”

எட்டடி வரை திறப்பு எதுவும் காணப்படவில்லை என்று கண்ணாடிக்காரர் எழுதினார். கிளமெண்ட் கையெழுத்துப் போட்டான்.

“குழிய எப்ப சார் மூடுவீங்க?”

“தோண்டறதுக்குத்தான் ஆர்டர். மூடறதுக்கு ஆர்டர் இல்லை.”

இரண்டு வாரத்தில் நோட்டீஸ் வந்தது. வீட்டுக்குள் ஆழமான குழி இருப்பதால் அது குடியிருக்கத் தகுதியற்றது, உடனே காலி செய்ய வேண்டும். கிளமெண்டின் அப்பா பெயருக்கு, எழுத்துப்பிழை இல்லாமல் வந்திருந்தது. மறுநாள் வாசலில் பலகை நட்டார்கள். கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும்: அபாயம். ஆழமான பள்ளம். உள்ளே நுழையாதீர்கள். பெரிய அதிகாரிகள் வந்து பார்ப்பதற்காகத் தெருப்பக்கச் சுவரை இடித்துக் கயிறு கட்டினார்கள். யாரும் வரவில்லை.

கிளமெண்டும் சாராவும் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு அறைக்குப் போனார்கள்.

டெய்சி வீடியோவை அழித்தாள். அதற்குள் அது வேறு வேறு பெயர்களில், வேறு வேறு பாட்டோடு, எங்கெல்லாமோ போய்விட்டிருந்தது. பிளாட் விற்கிறவர் ஒருவர் அவளைத் தேடி வந்தார். தன் லேஅவுட்டுக்கு அடியில் தங்கம் இருக்கிறது என்று அந்தப் பெரியவரைப் பேசவைக்க முடியுமா என்று கேட்டார். அவர் இப்போது பேசுவதில்லை என்றாள் டெய்சி. அது பொய்யில்லை. ஏனோக் பெஞ்சு இல்லாததால் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, போகிறவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

ஒரு காலையில் அவள் மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் போனாள். பெங்களூர் ரயில் நின்றுகொண்டிருந்தது. கிளமெண்ட் ஜன்னலோரத்தில் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். பழைய பேக்கரியில் அவன் இடத்துக்கு மெஷின் வந்துவிட்டது. பெட்டி ஒட்டும் வேலைதான் கிடைத்தது.

“நாலு செகண்டுதாண்ணா,” என்றாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. “அத விட்டிருந்தா முப்பத்தி நாலு. ஒண்ணும் குடி முழுகியிருக்காது.”

“உன்ன யாரு இன்னா சொன்னாங்க இப்ப? அந்த நாளுல கூட்டம் வந்தப்ப நானும்தான் வாயத் தொறக்கல.” கிளமெண்ட் சீட்டின் ஓரத்தைத் தட்டிக் காட்டினான். “இத பாரு. ஆறு வருசம் கழிச்சி ஏர்றேன். ‘வாப்பா, உன் சீட்டு’ன்னு நவுந்து வுடறானுங்க. வேற யாரையும் ஒக்கார வெக்கலயாம். தெரிஞ்சி வெச்சிருந்தானுங்க போல.” சிரிக்கப் பார்த்தான். “நீயும் வருவியா?”

“சேலைக் கடை ஒண்ணு கீதுண்ணா.”

“இருக்கட்டும். அத நல்லாப் பண்ணு.” ரயில் நகர்ந்தது. அவள் கம்பியை விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஒரு கார் வந்தது. ஒரு பையனும் பெண்ணும் இறங்கினார்கள். பையன் பலகையை எடுத்தான், குழியை எடுத்தான், கல்மேல் உட்கார்ந்திருந்த ஏனோக்கை எடுத்தான். பிறகு அடையாளம் தெரிந்து கூவினான்.

“பன் அங்கிள்! நீங்கதானே? சொல்லுங்க அங்கிள், இந்த ஓட்டை எவ்ளோ ஆழம் போகுது?”

டெய்சி தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்துகொண்டிருந்தாள். நின்றாள்.

ஏனோக் எழுந்தார். பல நாள் பேசாத தொண்டையைச் செருமிக்கொண்டார். “இங்க ஓட்டையே இல்ல சார்,” என்றார். “அடுப்பு ஒண்ணு இருந்திச்சி. விறகு அடுப்பு. ஓட்டை கீதான்னு பாக்கறதுக்கு ஆபீசருங்க வந்து அடுப்ப ஒடைச்சி, எட்டடி தோண்டனாங்க. ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கினாங்க. அப்பறம், இங்க குழி கீது, யாரும் இருக்கக்கூடாதுன்னு வீட்டுக்காரனக் காலி பண்ணிட்டாங்க. செத்துப்போன அவங்க அப்பனுக்கு நோட்டீஸ் குடுத்தாங்க.”

பையன் சிரித்தான். பெண்ணும் சிரித்தாள். பையனுக்குப் போன் பிடித்த கை ஆடியது. “செம அங்கிள்! அந்த மொகத்த வெச்சிக்கினு எப்படிச் சொல்றீங்க! இன்னொரு தடவை, அந்த நோட்டீஸ் மட்டும், இங்க பாத்து.”

ஏனோக் டெய்சியைப் பார்த்தார். டெய்சி குடத்தை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

அந்தப் பெண் கயிற்றைத் தாண்டி, பலகையைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் எட்டிப் பார்த்தாள். காலடியில் கிடந்த செங்கல் துண்டு ஒன்றை எடுத்துப் போட்டாள். உடனே டொப்பென்று கேட்டது. அவள் உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, தலையைச் சாய்த்து, அது அடியில் போய் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.